நம் லாக் விளக்கு சொல்லும் சேதி

மேசைக் கணினியில் கம்பி மவுஸ் திடீரென்று நின்றுவிட்டால், முதலில் அதைத் திருப்பி அடியில் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் போர்ட்டுக்குக் கரண்ட் வந்துகொண்டிருக்கிறது. அடுத்து கீபோர்டில் நம் லாக் விசையைத் தட்டுங்கள். மூலையில் இருக்கும் சின்ன விளக்கு எரிந்து அணைகிறதா? அந்த விளக்கைக் கீபோர்டு தானாகப் போட்டு அணைப்பதில்லை. விசையைத் தட்டியதும் 'இந்த விசை அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டும் கணினிக்குப் போகிறது. கணினி அதைப் புரிந்துகொண்டு, 'நம் லாக் விளக்கைப் போடு' என்று கீபோர்டுக்குத் திருப்பி உத்தரவு அனுப்புகிறது. அது வந்து சேர்ந்த பிறகுதான் விளக்கு எரிகிறது. ஆகவே விளக்கு மாறினால், கம்பி, போர்ட், கட்டுப்படுத்தும் சிப், டிரைவர், இயங்குதளம் என்று அந்தக் கீபோர்டின் பாதை முழுவதும் சரியாக இருக்கிறது. மாறாவிட்டால் வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல், கையில் ஸ்க்ரூ டிரைவர்கூட எடுக்காமல், நான்கு விநாடியில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. யூஎஸ்பி போர்ட் வேலை செய்யவில்லை என்று கணினியைக் கொண்டுபோனால், பல கடைகளில் கேள்வி எதுவும் கேட்காமலே இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்துவிடுகிறது. ஒன்று, 'ஃபார்மட் அடிச்சுப் பார்க்கலாம்.' இன்னொன்று, 'போர்டு போயிடுச்சு, மாத்தணும்.' டிடிபி கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் பிரிண்டர், ஸ்கேனர், விரல்ரேகைக் கருவி எல்லாமே யூஎஸ்பி வழியாகத்தான் ஓடுகின்றன. போர்ட் நின்றால் கடை நிற்கிறது. அந்த அவசரத்தில் தேவையில்லாத மதர்போர்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் நிறையப் பேர். ஒரு கருவியைச் செருகிய கணத்திலிருந்து அது வேலை செய்யத் தொடங்கும்வரை பல கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பழுது எங்கே என்பது பாதி தெரிந்துவிடும். அந்தக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால்தான் குழப்பம்.

டார்ச் அடித்து போர்ட்டுக்குள் பாருங்கள். கறுப்போ வெள்ளையோ நீலமோ, ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதில் நான்கு பொன்னிறப் பட்டைகள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு: ஒன்றில் 5 வோல்ட், மற்றதில் கிரவுண்ட். நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு: டி மைனஸ், டி பிளஸ். இப்போது ஒரு பென்டிரைவின் முனையைப் பாருங்கள். ஓரத்துப் பட்டைகள் இரண்டும் நடுப்பட்டைகளைவிடச் சற்று நீளமாக, முன்னால் தள்ளி இருக்கும். வெளியே இருக்கும் உலோகக் கூடு முதலில் தொடும், அடுத்து மின்சாரம் சேரும், கடைசியில்தான் தகவல் கம்பிகள் சேரும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஒன்றைச் செருகினாலும் எதுவும் எரிந்துபோகாமல் இருப்பதற்கு இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

நீல நாக்கு இருந்தால் அது பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. அதில் இந்த நான்கோடு, வேகத் தகவலுக்கென்று தனியாக ஐந்து பட்டைகள் இருக்கும், மொத்தம் ஒன்பது. பழைய நான்கும் புதிய ஐந்தும் தனித்தனிப் பாதைகள் என்பதை நினைவில் வையுங்கள். நீல போர்ட்டில் பழைய மவுஸ் ஓடும், புது ஹார்டு டிஸ்க் ஓடாது என்றால் அந்த ஐந்தில் ஏதோ கோளாறு இருக்கலாம். மெதுவாகச் செருகினால் நான்கு மட்டும் முதலில் சேர்ந்து, வேகமான டிஸ்க்கும் பழைய வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுவதுண்டு. எடுத்துவிட்டு ஒரே மூச்சில் செருகினால் சரியாகிவிடும்.

செருகியாயிற்று. கருவி வந்திருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? மிக எளிய ஏற்பாடு. கணினிப் பக்கத்தில் இரண்டு தகவல் கம்பிகளும் 15,000 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாகக் கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கின்றன. எதுவும் செருகாதபோது இரண்டிலும் வோல்டேஜ் பூஜ்யம். கருவிப் பக்கத்தில் ஒரே ஒரு 1,500 ஓம் ரெசிஸ்டர், இரண்டில் ஒரு கம்பியை 3.3 வோல்ட்டோடு இணைக்கிறது. செருகியதும் அந்தக் கம்பி மட்டும் சுமார் 3 வோல்ட்டுக்கு ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்ற முதல் தகவல். எந்தக் கம்பி ஏறியது என்பதிலும் சேதி உண்டு. டி மைனஸ் ஏறினால் நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் ஓடும் மவுஸ், கீபோர்டு வகை. டி பிளஸ் ஏறினால் 12 மெகாபிட் வகை. 480 மெகாபிட் வேகம் கொண்ட பென்டிரைவும் முதலில் 12 மெகாபிட் கருவியாகத்தான் வந்து நிற்கும். பிறகு இரு பக்கமும் சமிக்ஞை பரிமாறி வேகத்தை உயர்த்திக்கொள்ளும்.

இதற்குப் பிறகு நடப்பது அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்குவது போன்றது. புதிதாக வந்தவருக்கு எண் இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஜன்னலுக்கு முன்னால் நிற்கலாம். கணினி விநாடியில் பத்தில் ஒரு பங்கு காத்திருந்து, இணைப்பு ஆடாமல் நிலைத்துவிட்டதா என்று பார்த்து, கருவியை ரீசெட் செய்கிறது. அப்போது கருவியின் முகவரி பூஜ்யம். 'நீ யார்' என்று கணினி கேட்கிறது. கருவி 18 பைட் நீளமுள்ள ஒரு விவரப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதில் தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் இருக்கும். கணினி அதற்கு 1 முதல் 127 வரையிலான ஒரு முகவரியை ஒதுக்குகிறது. பிறகு எண்களைப் பார்த்து எந்த டிரைவரிடம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. இந்தச் சீட்டு கிடைக்கும்வரை யூஎஸ்பி 2.0 கருவி 100 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் எடுக்கக் கூடாது. கிடைத்த பிறகு யூஎஸ்பி 2.0-வில் 500 வரை, 3.0-வில் 900 வரை கேட்டு வாங்கலாம்.

1996 ஜனவரியில் முதல் யூஎஸ்பி வரையறை வெளிவந்தபோது இந்த அறிமுகச் சடங்குதான் அதன் பெரிய சாதனை. இன்டெல் நிறுவனத்தில் இந்தியாவில் பிறந்த அஜய் பட் தலைமையிலான குழு இதில் முன்னின்றது. காம்பாக், டிஜிட்டல், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்ட்டெல் ஆகியவையும் சேர்ந்திருந்தன. அதற்கு முன்னால் பிரிண்டருக்கு ஒரு போர்ட், மோடத்துக்கு ஒரு போர்ட், மவுஸுக்கு ஒரு போர்ட். புதிதாக எதை இணைத்தாலும் கணினியை அணைத்துப் போட வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே எண்ணுக்குச் சண்டையிட்டால் இரண்டும் ஓடாது. பயனர் செய்துவந்த அத்தனை வேலையையும் யூஎஸ்பி தன் தலையில் ஏற்றுக்கொண்டது. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98-ஐச் செய்துகாட்டும்போது ஒரு ஸ்கேனரைச் செருகியதும் கணினி முடங்கித் திரை நீலமானது உலகத்துக்கே தெரியும். செருகியவுடன் ஓடவேண்டும் என்ற வாக்குறுதியின் பின்னால் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதற்கு அதைவிடப் பகிரங்கமான சாட்சி இல்லை.

இப்போது பிழைச் செய்திகளைப் படித்தால் அவை பேசத் தொடங்கும். செருகினால் ஒலியும் இல்லை, டிவைஸ் மேனேஜரில் அசைவும் இல்லை என்றால், கம்பி ஏறிய தகவலே கணினிக்குப் போகவில்லை. மின்சாரம், முறிந்த கம்பி, அழுக்கேறிய பட்டை என்று பொருள்களின் பக்கம் தேடுங்கள். 'அன்நோன் யூஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று வந்தால், கருவி வந்ததைக் கணினி பார்த்துவிட்டது, பெயரைக் கேட்டது, பதில்தான் வரவில்லை. இது போர்ட் செத்துவிட்டது என்பதற்கு நேர்மாறான செய்தி. போர்ட்டுக்கு உயிர் இருப்பதால்தான் கேள்வியே போயிருக்கிறது. கேபிளையும் கருவியையும் சந்தேகியுங்கள். அதே கருவியை வேறு கணினியில் செருகிப் பார்ப்பது இந்த இடத்தில் எல்லாவற்றையும்விடப் பயன் தரும். பெயர் சரியாக வந்து, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் மட்டும் நின்றால் டிரைவர். பென்டிரைவின் பெயர் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரிகிறது, மை கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால் யூஎஸ்பி தன் வேலையை முடித்துவிட்டது. டிரைவ் எழுத்து ஒதுக்கப்படவில்லை, அல்லது பென்டிரைவின் உள்ளடக்கம் கெட்டிருக்கிறது.

'மவுஸ் ஓடுது சார், பென்டிரைவ் மட்டும் ஓடல. அப்ப போர்ட் நல்லாத்தானே இருக்கு?' என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். நல்ல கேள்வி, ஆனால் அந்த முடிவுக்கு வர முடியாது. மவுஸின் 1.5 மெகாபிட்டுக்கும் பென்டிரைவின் 480 மெகாபிட்டுக்கும் 320 மடங்கு வித்தியாசம். மவுஸுக்குச் சமிக்ஞை 3.3 வோல்ட் அளவில் போய்வருகிறது. பென்டிரைவுக்கு வெறும் 0.4 வோல்ட், ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 2 நானோ விநாடி. பட்டையில் கொஞ்சம் அழுக்கு, முன்பக்கக் கேபிளில் ஒரு முறுக்கு, தளர்ந்த ஒரு கூடு போதும். மவுஸ் கவலைப்படாது, பென்டிரைவ் திணறிவிடும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட சின்ன பிரஷ்ஷால் பட்டைகளைத் துடைத்து, காய்ந்த பிறகு பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பட்டைகளில் பச்சை படிவதை நேரில் பார்க்கலாம்.

எக்ஸ்டென்ஷன் கேபிள்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவான கேபிளுக்குள் மின்சாரக் கம்பி பெரும்பாலும் 28 கேஜ். மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். ஒன்றரை மீட்டர் கேபிளில் போக வர மூன்று மீட்டர், 0.64 ஓம். 500 மில்லி ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே 0.32 வோல்ட் தொலைந்துவிடும். வெளி ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும். அப்போது இழப்பு இரட்டிப்பாகி, 5 வோல்ட் 4.4-க்குக் கீழே இறங்கும். டிஸ்க் 'டிக், டிக்' என்று தட்டிவிட்டு அடங்கும். போர்ட்டைக் குறை சொல்லும் முன் கேபிளைக் கழற்றி, பின்பக்கத்தில் மதர்போர்டின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள்.

எனக்குத் தெரிந்து மிக அதிகமாகத் துப்புக் கொடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்தெந்த போர்ட்கள் சேர்ந்து நின்றன?

முன்பக்கத்தில் இருப்பவை மட்டும் நின்று, பின்பக்கத்தில் இருப்பவை ஓடினால், கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றுங்கள். முன்பலகையிலிருந்து ஒரு கேபிள் வந்து மதர்போர்டில் செருகியிருக்கும். யூஎஸ்பி 2.0 என்றால் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை ஊசிகள், அதில் ஒரு மூலையில் ஓர் ஊசி இருக்காது, ஒன்பது ஊசி. யூஎஸ்பி 3.0 என்றால் தடித்த கேபிள், 19 ஊசிகள், பெரும்பாலும் நீல முனை. தூசி தட்டும்போது, ராம் மாற்றும்போது, ஃபேன் மாற்றும்போது இது லேசாகத் தூக்கிக்கொள்ளும். அழுத்திவிட்டால் முடிந்தது. ஆனால் பழைய போர்டுகளில் ஃபயர்வயர் இணைப்புக்கும் இதே போன்ற ஊசிக் கட்டு இருக்கும். அதில் 12 வோல்ட் வருவதுண்டு. யூஎஸ்பி கேபிளை அதில் மாற்றிச் செருகி, பிறகு பென்டிரைவைச் செருகினால் பென்டிரைவ் எரிந்துவிடும். போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுவது கட்டாயம்.

பின்பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு போர்ட்கள் மட்டும் சேர்ந்து நின்றிருந்தால் வேறு கதை. பல போர்டுகளில் இரண்டு போர்ட்களுக்குப் பொதுவாக ஒரு பாலிஃபியூஸ் இருக்கும். வீட்டு ஃபியூஸ் உருகினால் கம்பி மாற்ற வேண்டும், இது உருகாது. பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்கில் கரித்துகள்கள் கலந்த சிறு வில்லை. சாதாரண நேரத்தில் கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மின்சாரத்தை விடும். அளவுக்கு மேல் ஓடினால் வில்லை சூடாகி, 100 டிகிரியைத் தாண்டியதும் பிளாஸ்டிக் உப்பி, துகள்கள் விலகி, ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறி, ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடும். கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் சூடும் அப்படியே நிற்கும். கோளாறான கருவியைப் பிடுங்கி, கணினியை முழுதாக அணைத்து ஆறவிட்டால்தான் துகள்கள் மறுபடி சேரும். நேற்று இரவு செத்த போர்ட் காலையில் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாது என்பதால், அடிக்கடி விழும் ஃபியூஸ் நாளடைவில் பலவீனமாகும். சில போர்டுகளில் இதற்குப் பதிலாக மின்சாரத்தை அளந்து துண்டிக்கும் சிப் இருக்கும்.

கணினியைப் போட்டதும் 'யூஎஸ்பி டிவைஸ் ஓவர் கரண்ட்' என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டு, 15 விநாடியில் தானாக அணைகிறதா? பதறாமல் டார்ச்சை எடுங்கள். ஏதோ ஒரு போர்ட்டில், பெரும்பாலும் முன்பக்கத்தில், நாக்கு உடைந்தோ பட்டை வளைந்தோ 5 வோல்ட் உலோகக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்பக்கக் கேபிளை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டுப் போட்டால் கணினி ஓடத் தொடங்கிவிடும். போர்டு போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்ட கணினிகள் இந்த ஒரு காரியத்தால் பிழைத்திருக்கின்றன.

எல்லா போர்ட்களும் ஒரே நேரத்தில் நின்றால் என்ன செய்வது? பத்து போர்ட்களின் உலோகம் ஒரே நாளில் கெடாது. அவற்றுக்குப் பொதுவாக இருப்பவற்றைப் பார்க்க வேண்டும்: மின்சாரம், கட்டுப்படுத்தும் சிப், அதை ஓட்டும் மென்பொருள்.

முதலில் மின்சாரத்தை முழுதாக வடியவிடுங்கள். அணைத்த கணினிக்கு மின்சாரம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அணைத்த கணினியில் மவுஸ் வெளிச்சம் எரிவது அதனால்தான். இன்னொரு சிக்கல், விண்டோஸ் 8 முதல் வந்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட்டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் கருப்பகுதி டிரைவர்களோடு அப்படியே டிஸ்க்கில் உறைந்து, மறுநாள் அதே நிலையில் எழுகிறது. குழம்பிய டிரைவர் குழம்பியபடியே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மென்பொருள் புதிதாகத் தொடங்கும், ஆனால் சிப்புக்கு மின்சாரம் அறுவதில்லை. ஆக ஷட்டவுனும் ரீஸ்டார்ட்டும் ஆளுக்குப் பாதி வேலையைத்தான் செய்கின்றன. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், யூஎஸ்பி கருவிகளை எல்லாம் பிடுங்குங்கள், மின்கம்பியை உருவுங்கள், பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, சிப் மறுபடி ஆரம்பத்திலிருந்து எழும். சர்வீஸ்காரர்கள் இதைச் செய்வதைப் பார்த்துப் பலர் ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பல நேரம் இதுவே போதும்.

போதவில்லையா? கணினியைப் போட்டவுடன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் பயாஸ் திரைக்குள் போங்கள். பயாஸுக்குச் சொந்தமாக ஒரு யூஎஸ்பி டிரைவர் உண்டு; விண்டோஸின் தயவு அதற்குத் தேவையில்லை. அங்கே கீபோர்டு ஓடினால் அந்த போர்ட்டுக்குக் கம்பியும் மின்சாரமும் சிப்பும் நன்றாகவே இருக்கின்றன, பழுது மென்பொருளில். அங்கேயும் ஓடாவிட்டால் விண்டோஸை எத்தனை தடவை ஃபார்மட் அடித்தாலும் பயனில்லை. பயாஸில் யூஎஸ்பி போர்ட்களை அணைத்துவைக்கும் அமைப்பும் உண்டு. யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

2015-இல் இன்டெல்லின் ஆறாம் தலைமுறைப் பிராசசர்கள் வந்தபோது, பயாஸில் ஓடுவதற்கும் விண்டோஸில் ஓடுவதற்கும் உள்ள இந்த வித்தியாசம் உலகம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. அவற்றோடு வந்த சிப்செட்டில் யூஎஸ்பி 2.0-வின் பழைய கட்டுப்பாட்டுப் பகுதியை எடுத்துவிட்டு, எல்லா போர்ட்களையும் புதிய எக்ஸ்ஹெச்சிஐ முறைக்கு மாற்றியிருந்தார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இன் நிறுவல் டிஸ்க்கில் அதற்கான டிரைவரே இல்லை. பயாஸில் துள்ளிக்கொண்டிருந்த கீபோர்டும் மவுஸும், விண்டோஸ் நிறுவல் திரை வந்ததும் உறைந்தன. புத்தம் புதிய போர்டு, பழுதில்லாத போர்ட். டிரைவர் மட்டும் இல்லை. வட்டமான பிஎஸ்/2 துளை இருந்த போர்டுகளில் பழைய கீபோர்டைக் கொண்டு சமாளித்தார்கள்.

2018 பிப்ரவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட், சில கணினிகளில் புதிய டிரைவரைப் போடாமலே பழையதை நீக்கிவிட்டது. யூஎஸ்பி கருவிகள் நின்றன. மார்ச் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2021-இல் ஏஎம்டியின் 500 வரிசை சிப்செட் கணினிகளில் யூஎஸ்பி கருவிகள் திடீர் திடீரென்று அறுந்து சேர்ந்தன. ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் மூலம் சரிசெய்தது. பொருளுக்குள் எதையும் மாற்றாமல் தீர்ந்த பழுதுகள் இவை. ஆகவே நேற்றுவரை ஓடியது இன்று நின்றது என்றால், நேற்று இரவு அப்டேட் எதுவும் ஏறியதா என்று கேட்பது நியாயமான முதல் கேள்வி. மதர்போர்டு தயாரித்தவரின் பக்கத்திலிருந்து சிப்செட் டிரைவரையும், தேவையானால் பயாஸையும் புதுப்பிப்பது அடுத்த வேலை.

டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி கன்ட்ரோலரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால், விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடித்து டிரைவரைப் புதிதாக ஏற்றும். நல்ல வழிதான். கீபோர்டும் மவுஸும் யூஎஸ்பியாக இருந்தால் அன்இன்ஸ்டால் ஆன நொடியில் இரண்டும் நின்றுவிடும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்; திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, பவர் பட்டனால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் மட்டும் நின்றுபோகும் போர்ட்டுக்குத் தூக்கம் கலையவில்லை என்று பொருள். கணினி ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் கருவிகளுக்கு ஒரு துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். 3 மில்லி விநாடி துடிப்பு வராவிட்டால் கருவி தூங்கப் போக வேண்டும் என்பது விதி. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் வேண்டுமென்றே துடிப்பை நிறுத்தும். சில கருவிகள் மறுபடி விழிப்பதில்லை. மேசைக் கணினியில் இந்த மிச்சம் பெரிய பொருட்டல்ல. பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று இருப்பதை அணைத்துவிடலாம்.

நம் ஊர் வீடுகளிலும் கடைகளிலும் போர்ட்களைக் கொல்லும் ஒரு காரணத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை: எர்த் இல்லாமை. கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் விரலில் 'சுர்ர்' என்று ஏறுகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் வந்து, இரண்டும் கேபினெட்டின் உலோகத்தில் சேர்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் பின்னை உடைத்துவிட்டோ, மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வர்ட்டரில் செருகியோ ஓட்டினால், 230 வோல்ட்டின் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினெட்டில் ஏறி நிற்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும். இப்போது வேறொரு பிளக்கில், ஒழுங்கான எர்த்தோடு ஓடும் பிரிண்டரின் கேபிளைக் கொண்டுவந்து செருகுங்கள். இரண்டு உலோகமும் சந்திக்கும் இடத்தில் சிறு பொறி பறக்கும். உலோகக் கூடு முதலில் தொடுவதால் பெரும்பாலும் அதன் வழியாகப் போய்விடும். கூடு தளர்ந்திருந்தால், கேபிள் சாய்ந்து நுழைந்தால், அது தகவல் கம்பிக்குள் பாயும். அங்கே காவலுக்கு இருக்கும் டயோடுகள் தாங்கும்வரை தாங்கும். அதன் பிறகு சிப்.

இப்படிக் கெட்ட சிப்பை எந்த டிரைவராலும் மீட்க முடியாது. போர்டை மாற்றிக் கொடுத்தாலும், அதே பிளக்கில் ஓட்டினால் புதுப் போர்டுக்கும் அதே கதி. கணினி சரியாக வேண்டுமென்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். போர்ட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மேசையில் உட்காரும் பிள்ளைகளின் கைகளுக்காகவும் சொல்கிறேன்.

பழுதே இல்லாமல் பழுது போலத் தெரிபவை சில உண்டு. மொபைலைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கணினியில் தெரியவில்லை என்றால், அது மின்சாரக் கம்பிகள் மட்டும் உள்ள சார்ஜர் கேபிளாக இருக்கலாம். அல்லது மொபைல் திரையில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அலுவலகக் கணினியில் மவுஸ் ஓடி, எந்தப் பென்டிரைவும் ஓடாவிட்டால், பாதுகாப்புக்காக நிர்வாகமே பூட்டியிருக்கலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடினால், அதன் ரிசீவருக்குப் பக்கத்தில் யூஎஸ்பி 3.0 டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 எழுப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்பதை இன்டெல்லே 2012-இல் அறிக்கையாக வெளியிட்டது. ரிசீவரை முன்பக்க போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. பயாஸிலும் ஓடவில்லை, பட்டைகள் சுத்தம், முன்பக்கக் கேபிளை உருவியும் மாற்றமில்லை, கேபினெட்டுக்குள் யூஎஸ்பி சிப் கைவைக்க முடியாத அளவு சுடுகிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் யூஎஸ்பி பகுதி போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் மற்றவை நன்றாக ஓடினால் போர்டை மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. காலியான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்று இருந்தால், தனக்கென்று சொந்தக் கட்டுப்பாட்டு சிப் வைத்திருக்கும் யூஎஸ்பி கார்டு ஒன்றைப் பொருத்தலாம். பவர்டு ஹப் வாங்கி இந்த இடத்தை நிரப்ப முடியாது. ஹப் பேசுவதற்கும் ஓர் உயிருள்ள போர்ட் வேண்டும். கார்டு வாங்கும்போது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கும் சாட்டா பவர் முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பொருத்திய பிறகு அந்த முனையைச் செருக மறந்தால், மவுஸ் ஓடும், ஹார்டு டிஸ்க் மறுபடி 'டிக், டிக்' என்று தட்டும்.